படம் பிடிக்குமுன் ஒரு கும்பிடு

காமிரா வாங்கியவனை முதலில் பிடிப்பது படம் எடுக்கும் பைத்தியம். அது சற்றுத் தெளிந்ததும் லென்ஸ் பைத்தியம் வந்து சேரும். முன்னதற்கு இக்காலத்தில் பிலிம் செலவுகூடக் கிடையாது. பின்னதற்கோ வீட்டில் எந்தச் செலவுக்கு வைத்திருக்கும் பணமும் தப்பாது. இரண்டிலும் அடிபட்டவன் என்ற உரிமையில் நேயர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

லென்ஸ் என்பது காமிராவின் கண். அதன்மேல் பொறித்திருக்கும் எண்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 50 மில்லிமீட்டர், 200 மில்லிமீட்டர் என்று குறிக்கும் குவிய தூரம். இந்த எண் ஏற ஏறப் பார்வை குறுகும். தொலைவிலுள்ள பொருள் பெரிதாகும். பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் அளவுள்ள காமிராவில் 50 லென்ஸ் சுமார் 47 டிகிரி கோணம் பார்க்கும். 200 லென்ஸுக்குச் சுமார் 12 டிகிரிதான். மற்றொன்று ‘எஃப்’ எண். இது சிறிதானால் லென்ஸின் வாய் பெரிது என்று பொருள். எஃப் 5.6-ஐவிட எஃப் 1.8-இல் ஏறக்குறையப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே புகும்.

புதிதாக வாங்கிய 200 லென்ஸுடன் ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் சென்றேன். ஆரணியாற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கும் பவானி அம்மனைத் தரிசிக்க ஆடி மாதத்தில் திரளும் ஜனங்களைக் கண்டவர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. நீராடி, ஈர உடலில் வேப்பிலையை ஆடையாக அணிந்து, ஒரு பெண்மணி கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். நாற்பதடி தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றபடியே அவளைப் பிடித்துவிட்டேன். படம் பிரமாதமாக வந்தது. வேப்பிலைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்!

வீட்டுக்கு வந்து பெருமையுடன் என் மனைவியிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“படம் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் எடுத்தது அந்த அம்மாளுக்குத் தெரியுமோ?” என்று கேட்டாள்.

“தெரியாது. அதனால்தான் இவ்வளவு இயற்கையாக வந்திருக்கிறது” என்றேன்.

“போன வருஷம் நம் குழந்தைக்காக நானும் இப்படித்தானே வேண்டுதல் செலுத்தினேன்? அப்போது எவனாவது ஒருவன் மரத்தடியில் நின்றிருந்தால்?”

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் படத்தை அன்றிரவே அழித்துவிட்டேன்.

அப்போதுதான் கனு காந்தியின் நினைவு வந்தது. காந்திஜிக்குப் பேரன் முறையான அவர், மகாத்மாவின் கடைசிப் பத்தாண்டு வாழ்க்கையைப் படம் பிடித்தவர். காந்திஜி அதற்கு மூன்று நிபந்தனைகள் விதித்தார். பளிச்சென்று கண்ணைக் கூசும் விளக்கு போடக் கூடாது. இப்படி நில், அப்படி உட்கார் என்று சொல்லக் கூடாது. ஆசிரமம் காசு தராது. கனுவிடம் இருந்த ரோலிஃப்ளெக்ஸ் காமிராவில் லென்ஸை மாற்ற முடியாது. எட்ட இருப்பதை இழுத்துக் காட்டும் வித்தை அதில் இல்லை. அருகில் இருக்க உரிமை பெற்றவரே அருகிலிருந்து எடுக்கலாம்.

ராட்டையருகே காந்திஜி அமர்ந்திருக்கும் 1946-ஆம் வருஷத்துப் படத்தை அறியாதவர் உண்டா? எடுத்தவர் அமெரிக்க மாது மார்கரெட் புர்க்-ஒயிட். ‘முதலில் நூற்கக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று அவரிடம் சொல்லிவிட்டார்களாம். ராட்டையின் முன் உட்கார்ந்து தடுமாறிய பிறகே காமிராவைத் திறக்க அனுமதி கிடைத்தது. எனக்குப் பிடித்த படங்களில் அதற்குத் தனி இடம் உண்டு.

அடுத்த ஞாயிறு பழைய 50 லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடியும் பெரியபாளையம் போனேன். நாற்பதடியிலிருந்து 200 லென்ஸ் காட்டும் அளவுக்கு முகம் தெரிய வேண்டுமானால், இதைக் கொண்டு பத்தடி தூரத்துக்குப் போயாக வேண்டும். அவ்வளவு அருகில் போனபின் கும்பிடாமல் இருக்க முடியுமா? ஆற்றங்கரையில் பொங்கலிட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியைக் கும்பிட்டு, படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

“இரு ராசா, பொங்கி வரட்டும். வெறும் பானையைப் புடிச்சு என்ன பண்ணப் போறே?” என்றாள்.

காத்திருந்தேன். நடுவில் அடுப்பு ஊதும் வேலையும் எனக்குக் கிடைத்தது! பொழுது சாய்ந்துவிட்டது; எஃப் 1.8 கைகொடுத்தது. பானை பொங்கிய கணத்தில் பாட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். புகை ஒரு கண்ணை மறைத்துவிட்டது. பானையின் விளிம்பு கலங்கியிருக்கிறது. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

அந்தப் படத்தின் பிரதி ஒன்றைத் தபாலில் பாட்டிக்கு அனுப்பினேன். மற்றொன்று எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாட்டியவள் என் மனைவி.