மழுங்கிய ரம்பம் தோல் கத்தியாவது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்ற தொழிற்பகுதிப் பட்டறைகளில் இரும்பு அறுக்கும் பவர் ஹேக்ஸா பிளேடின் பல் மழுங்கினால் அது பழைய இரும்பு. ஆனால் எஃகு கெடுவதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலைச் சீவ அதுவே நல்ல கத்தியாகும்.

ஏன்? தோல் என்பது பின்னிக் கிடக்கும் நார்கள். கூர் குறைந்தால் நார் அறுபடாமல் இழுபடும். இந்த பிளேடு செய்யப்படும் ஹைஸ்பீடு எஃகிலுள்ள டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம் ஆகியவை கார்பனோடு சேர்ந்து கடினமான கார்பைடு துகள்களாகின்றன. அதனால் கூர் நெடுநேரம் நிற்கும்.

சாணைச் சூட்டில் பதம் போகாதா? சாதாரண கார்பன் எஃகு 300 டிகிரி செல்சியஸை எட்டினால் நீலம் பாய்ந்து மென்மையாகும். ஹைஸ்பீடு எஃகுக்கோ தயாரிக்கும்போதே சுமார் 550 டிகிரியில் பதமேற்றுகிறார்கள். அந்தச் சூடு வரை தாங்கும். ஆனாலும் சூடேறிய பிளேடைத் தண்ணீரில் முக்கக் கூடாது, நுண்விரிசல் விழலாம்.

எப்படி? கிரைண்டரில் பல்லை நீக்கி, முனையைச் சாய்வாகத் தீட்டுங்கள். பிறகு எண்ணெய்க்கல்லில் தீட்டி, கடைசியாகப் பச்சை குரோமியம் ஆக்சைடு பூசிய தோல் பட்டையில் இழுங்கள். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

பைமெட்டல் பிளேடு வேண்டாம். அதில் பல்லோரம் மட்டுமே ஹைஸ்பீடு எஃகு. பல்லை நீக்கினால் நல்ல எஃகும் போய்விடும்.