பல்செட்டில் ஒரு பெயர்

பொக்கை வாய்ப் பாட்டி பல்செட் கட்டிக்கொண்டதும் முதல் வேலையாக முறுக்கைக் கடித்துப் பார்ப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அந்தப் பல்செட்டுக்குள் பாட்டியின் பெயரையும் பதித்து வைக்கலாம் என்பது நாம் அதிகம் அறியாத செய்தி.

முகமும் கைரேகையும் சிதைந்துபோனால், இறந்தவர் இன்னார் என்றறியத் தடயவியல் அறிஞர்கள் பற்களையே நாடுகின்றனர். பல் எளிதில் அழிவதில்லை. ஆனால் பற்கள் யாவும் விழுந்துவிட்ட முதியவரிடம் எதைப் பார்ப்பது? அவர் அணிந்திருந்த பல்செட்டைத்தான்!

1949 பிப்ரவரியில் இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆலிவ் டுராண்ட்-டீக்கன் என்ற 69 வயது விதவையை ஜான் ஜார்ஜ் ஹெய்க் என்பவன் கொன்று, உடலைக் கந்தக அமிலப் பீப்பாயில் கரைத்தான். உடல் கிடைக்காவிட்டால் வழக்கும் இல்லை என்பது அவன் கணக்கு. கொட்டிய கசடைச் சலித்தபோது மேல், கீழ்ப் பல்செட்டுகள் கிடைத்தன. அக்ரிலிக்கால் ஆன அவை கரையவில்லை. அவை தாம் செய்து கொடுத்தவையே என்று ஹெலன் மேயோ என்னும் பல் மருத்துவர் அடையாளம் காட்டினார். மருத்துவர் ஒரு பெண் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமைதான். அவ்வாண்டு ஆகஸ்டில் ஹெய்க் தூக்கிலிடப்பட்டான்.

அங்கே யாரைக் கேட்பது என்று போலீசாருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளத்திலோ ரயில் விபத்திலோ பலர் மாண்டால், எந்த மருத்துவரைத் தேடுவது? அதனால்தான் பெயர் வேண்டும்.

பல்செட்டில் சிறு பள்ளம் எடுத்து, பெயர் எழுதிய தாளையோ மெல்லிய எவர்சில்வர் தகட்டையோ வைத்து, நிறமற்ற அக்ரிலிக்கால் மூடிவிடுவார்கள். தீயில் தாள் கருகும்; தகடு தாங்கும். நாக்கும் கன்னமும் வெப்பத்தைத் தடுப்பதால் கடைவாய்ப் பக்கமே ஏற்ற இடம். கத்தியால் கீறி எழுதுவது ஆகாது. பல்செட் வலுவிழக்கும், கீறலில் அழுக்கும் சேரும்.

உயிரோடு இருப்பவர்க்கும் இதனால் பயனுண்டு. இரவில் பல்செட்டுகளைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கும் முதியோர் இல்லங்களில், ஒருவருடையது மற்றவரிடம் போய்விடும் தொல்லையை அங்கு பணிபுரியும் சகோதரிகள் நன்கறிவர். பொருந்தாத பல்செட் ஈறைப் புண்ணாக்கும். நினைவு தப்பி வழிதவறிய முதியவரை வீடு சேர்க்கவும் இக்குறி உதவலாம்.

வெறும் பெயர் மட்டும் போதாது. 'மேரி' என்று எழுதினால் எந்த மேரியைத் தேடுவது? ஊரையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்து எழுதும்படி, பல் கட்டும்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.