ஈறு வெள்ளையா இருக்கா? பேஸ்ட்டை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

புதுச்சேரி பீச் ரோட்டில் எடுத்த செல்ஃபியை ஜூம் பண்ணும்போது, பல்லுக்கு மேலே ஈறு வெளுத்துப்போய்த் தெரியுதா? உடனே பலர் பேஸ்ட்டை மாத்துவாங்க. சிலர் கல் உப்பு வெச்சுத் தேய்ப்பாங்க. இரண்டுமே பலன் தராமல் போகலாம். ஏன்னா, பிரச்னை ஈறில்தான் இருக்கணும்னு இல்லை, ரத்தத்திலும் இருக்கலாம்.

முதலில் ஒரு விஷயம். நம்மில் பலருக்கு ஈறில் கறுப்பு, பழுப்புத் திட்டுகள் இயல்பாகவே இருக்கும். தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான் காரணம். அது நோய் இல்லை. அதனால், அடுத்தவர் ஈறோட ஒப்பிடாதீங்க. உங்க ஈறு முன்பு எப்படி இருந்தது, இப்போ எப்படி மாறியிருக்குன்னு பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க.

ஈறு முழுக்க வெளிறியிருந்தால்...

கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்க. உள்பக்கம், நாக்கு, நகம் எல்லாமே வெளுத்திருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, எப்போதும் அசதி, முடி கொட்டுவது போன்றவையும் கூடவே வரலாம்.

'நமக்கெல்லாம் வராது' என்று நினைக்காதீங்க. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கு. பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரிக்கும் இது எச்சரிக்கைதான்.

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைபாடு, அதிக மாதவிடாய் ரத்தப்போக்கு, குடல் புழு, பி12 குறைபாடு எனக் காரணங்கள் பல. ஆண்களுக்கு இரும்புச்சத்து குறைந்திருந்தால் மூலம், வயிற்றுப்புண் போன்றவற்றால் உள்ளே ரத்தம் கசிகிறதா என்றும் பார்க்கணும். அளவில்லாமல் குடிப்பவர்களுக்கு ஃபோலிக் அமிலமும் குறையும்.

காரணம் தெரியாமல் மெடிக்கலில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீங்க. பி12 குறைபாட்டுக்கு அது பயன் தராது. தலசீமியா இருப்பவர்களுக்கு உடம்பில் இரும்பு கூடிப்போகலாம். டாக்டர் எழுதிக்கொடுத்தால், மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு எடுத்துக்கலாம். டீ, காபி, பாலுக்கும் மாத்திரைக்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேணும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான்; பயம் வேண்டாம். ஆனால், மாத்திரை எடுக்காதபோதே தார் மாதிரி கறுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்க. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சுமார் மூணு மாசம் மாத்திரையைத் தொடரச் சொல்வாங்க. பாதியில் நிறுத்தினால் திரும்ப இறங்கிடும்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், மீன், ஈரல், சுவரொட்டி சேர்த்துக்கோங்க. கூடவே நெல்லிக்காய் இருந்தால் இரும்புச்சத்து நல்லா சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தைத் தள்ளிவைங்க.

ஒரு இடத்தில் மட்டும் வெள்ளையா இருந்தால்...

சுத்தமான துணியால் மெதுவாகத் துடைச்சுப் பாருங்க.

* துடைச்சா வருதா? பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள், பல்செட் போடுபவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துபவர்களுக்கு வரும். பூஞ்சை எதிர்ப்பு மருந்தில் சரியாகும். இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளிப்பது நல்லது.

* துடைச்சாலும் போகலையா? லூக்கோபிளேக்கியாவாக இருக்கலாம். வலிக்காது, அதனால்தான் ஆபத்து. சிலருக்கு இது புற்றுநோயாக மாறலாம். புகை, புகையிலையோடு குடியும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். சின்னத் துணுக்கு எடுத்து பயாப்ஸி செய்து பார்ப்பாங்க.

* வாய் முழுசா திறக்க முடியலையா? கன்னத்தின் உள்பக்கமும் வெளுத்து, காரம் பட்டாலே எரிந்தால், பாக்கு, பான் மசாலாவால் வரும் நார் இறுக்கமாக இருக்கலாம். புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிடுச்சு.

* வலை பின்னின மாதிரி கோடுகளா? லைக்கன் பிளானஸாக இருக்கலாம். தொற்றாது, ஆனால், டாக்டரின் கண்காணிப்பு தேவை.

* நேத்துதான் வந்ததா? பல்வலிக்கு ஈறில் மாத்திரை அடக்கிவெச்சீங்களா? கிராம்பு எண்ணெய் ஊத்தினீங்களா? பல் வெள்ளையாக்குற ஜெல் பட்டுச்சா? அது வெந்துபோன புண். தொந்தரவு செய்யாமல் விட்டால் பொதுவாகத் தானாக ஆறும்.

எங்கே போறது?

ஈறு முழுக்க வெளுத்திருந்தால் பொது மருத்துவர். திட்டாக இருந்தால் பல் மருத்துவர். புதுச்சேரிக்காரர்களுக்கு இரண்டுமே கோரிமேட்டில் இருக்கு. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த ஜிப்மரும் அங்கேதான். மகாத்மா காந்தி அரசு பல் மருத்துவக் கல்லூரியும் அங்கேதான். ரத்தசோகைக்கு முதல்கட்ட ஹீமோகுளோபின் பரிசோதனையை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துக்கலாம்.

எந்த வெள்ளைத் திட்டுக்கும் இரண்டு வாரம்தான் கெடு. அதுக்குள்ள மறையலைன்னா, வலி இல்லைன்னாலும் டாக்டர்கிட்ட வாயைத் திறந்து காட்டிடுங்க. பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.