பறவைக் காய்ச்சலும் நம் வீட்டுப் பூனையும்

பறவைக் காய்ச்சல் என்று செய்தித்தாளில் ஒரு வரி வந்துவிட்டால் போதும், சித்தூர்ச் சந்தையில் கோழிக்கறி விலை மளமளவென்று இறங்கிவிடும். நான்கு வாரம் முட்டைகூட வாங்க யோசிப்பார்கள். ஐந்தாவது வாரம் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இந்த இரண்டுமே சரியில்லை என்று தோன்றியதால் எழுதத் துணிந்தேன். நான் மனித மருத்துவனும் அல்லன், கால்நடை மருத்துவனும் அல்லன். இருப்புப் பாதையையும் பாலங்களையும் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் ஒரு பழுது எங்கே தொடங்கி எந்த வழியாகப் பரவுகிறது என்று தேடிப் பார்ப்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய வேலை. அந்தப் பழக்கத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை நம் சங்க அன்பர்களுக்கு, முக்கியமாகக் கோழியும் பூனையும் வளர்க்கும் தாய்மார்களுக்குச் சொல்கிறேன்.

சளிக்காய்ச்சல் வைரஸ்களில் பல வகை உண்டு. அவற்றுள் எச்5என்1 என்னும் வகைதான் இப்போது உலகத்தைச் சுற்றிக்கொண்டிருப்பது. நீர்ப்பறவைகளின் உடலில் இது பெரும்பாலும் வெளியே தெரியாமல் தங்கும். வாத்து சாதாரணமாக நீந்திக்கொண்டிருக்கும், அதன் எச்சத்தில் வைரஸ் இறங்கிக்கொண்டிருக்கும். அதே வைரஸ் கோழிப் பண்ணைக்குள் புகுந்தால் இரண்டொரு நாளில் பண்ணையே காலி. 1997-ல் ஹாங்காங்கில் முதன்முதலாக மனிதருக்குத் தாவியது. 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தனர். இந்தியாவுக்குள் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில் முதலில் கண்டார்கள். அதன் பிறகு பல மாநிலங்களில் வருவதும் போவதுமாக இருக்கிறது.

"அதெல்லாம் எங்கோ வடக்கே" என்று இனிச் சொல்வதற்கில்லை. 2024 பிப்ரவரியில் நமக்கு அடுத்த நெல்லூர் மாவட்டத்தில், பொதலகூரு, கோவூரு மண்டலங்களில் கோழிகள் செத்து விழுந்தன. போபாலில் உள்ள தேசிய ஆய்வகம் பறவைக் காய்ச்சல்தான் என்று உறுதி செய்தது. மறு ஆண்டு, 2025 பிப்ரவரியில், கோதாவரி மாவட்டங்களில் தணுக்குப் பக்கம் தொடங்கி ஏலூரு, கிருஷ்ணா வரை பரவியது. தெலங்கானா தன் எல்லையில் கோழி லாரிகளைத் திருப்பி அனுப்பியது. கறி வியாபாரம் படுத்துவிட்டதால், மக்களின் பயத்தைப் போக்க ஊருக்கு ஊர் இலவசக் கோழிக்கறி விருந்து வைத்தார்கள். அந்த விருந்துக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்தால், நம்மவரின் பயம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது தெரியும்!

ஆனால் அதே ஆண்டு மார்ச் மாதம் நடந்ததை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று மங்களகிரி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தது. எச்5என்1 என்று புனே ஆய்வகம் பிறகு உறுதி செய்தது. வீட்டில் கோழி வெட்டும்போது குழந்தை ஒரு பச்சைத் துண்டை வாயில் போட்டுக்கொண்டதாகச் செய்திகள் கூறின. சமைத்த கறியைச் சாப்பிட்ட பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒரு செய்தியை ஊன்றிக் கவனித்தால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பது பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதி பூனைகளிடம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா நகரில் வீட்டுப் பூனைகளிடம் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் வீட்டுப் பூனைகளுக்கு வந்தது அதுவே முதல் முறை. அதற்குச் சற்று முன், 2024 டிசம்பரில், நாகபுரி அருகே கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே நோயால் மாண்டன. தாய்லாந்தில் ஸ்ரீராச்சா என்ற ஊரின் புலிப் பண்ணையில் 2004-ல் இருந்தவை 441 புலிகள். பச்சைக் கோழிகளைத் தீனியாகப் போட்டதில் நோய் புகுந்து, இறந்தவையும் கொல்லப்பட்டவையுமாக 147 போயின. போலந்தில் 2023-ல் வீட்டை விட்டு வெளியே போகாத பூனைகள்கூட இறந்தன. அங்கும் சந்தேகம் பச்சைக் கோழிக்கறி மேல்தான் விழுந்தது. அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் கறவை மாடுகளுக்கே இந்நோய் வந்தது. அந்தப் பண்ணைகளில் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகள் செத்தன. பூனைக் குலத்துக்கும் இந்த வைரஸுக்கும் ஆகாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நாய்க்கு ஆபத்து குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. கனடாவில் 2023-ல் செத்த காட்டு வாத்தைக் கடித்த வளர்ப்பு நாய் ஒன்று இறந்தது.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலை பிராய்லர் கடை வாசலில் எத்தனை பூனைகள், எத்தனை நாய்கள்! கடைக்காரர் குடலையும் தோலையும் எறிவார், அவை அடித்துப் பிடித்துக்கொண்டு தின்னும். நாமும் "பாவம், வாயில்லா ஜீவன்" என்று வீட்டில் ஈரல் துண்டு, கழுத்துத் துண்டு என்று பச்சையாகவே பூனைக்குப் போடுகிறோம். அன்பால் செய்வதுதான். அதே துண்டை இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவைத்துப் போட்டால் பூனை வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. இந்த வைரஸ் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் செத்துவிடும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். கறியின் நடுவிலும் எலும்பு ஓரத்திலும் சிவப்பு இல்லாமல் வெந்திருந்தால் கவலையில்லை. நம் வீட்டுக் குழம்பு கொதிக்கிற கொதிக்கு எந்த வைரஸும் நிற்காது. ஆகவே கறி சாப்பிடுவதை நிறுத்த வேண்டிய அவசியம் எப்போதுமே இருந்ததில்லை. பயப்பட வேண்டியது கறி அடுப்பில் ஏறும் முன் உள்ள அரை மணி நேரத்துக்கு.

அந்த அரை மணி நேரத்தில் சிறு குழந்தைகளை அடுக்களையில் விடாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கறியைக் கழுவினால் நாலா பக்கமும் தெறிக்கும். கழுவவே வேண்டாம் என்று வெளிநாட்டில் சொல்கிறார்கள், நம் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனவே ஒரு பாத்திரத்து நீரில் அமிழ்த்தி அலசி, அந்த நீரை மெதுவாகக் கொட்டிவிடலாம். கறி வெட்டிய கத்தியாலும் பலகையாலும் அப்படியே வெள்ளரிக்காய் நறுக்கக் கூடாது. மஞ்சள் தடவிவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. மஞ்சளின் பெருமையை நான் குறைக்கவில்லை, ஆனால் இங்கே வேலை செய்வது கொதிதான். ஆஃப்பாயில் பிரியர்கள், அக்கம்பக்கத்தில் நோய் இருக்கும் காலத்திலாவது முட்டையை முழுக்க வேகவிட்டுச் சாப்பிடட்டும். நோயுற்ற கோழியின் முட்டைக்குள்ளும் வைரஸ் இருக்கும். கைக்குச் சாதாரணச் சோப்பு போதும். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும்.

கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக்கு வைரஸ் எப்படி வரும்? ஒரு வழி ஆகாய வழி. சூலூர்ப்பேட்டை அருகே பழவேற்காடு ஏரிக்கும் நேலப்பட்டு சரணாலயத்துக்கும் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் பறவைகள் வருகின்றன. பூநாரைகளைப் பார்க்க நாமும் குடும்பத்தோடு போகிறோம், போக வேண்டியதுதான். ஆனால் ஏரிக்கரைச் சேற்றை மிதித்த செருப்போடு நேரே கோழிக் கூட்டுக்குப் போகக் கூடாது. குளிர்ந்த நிலையில், 4 டிகிரியில், பறவை எச்சத்தில் வைரஸ் 35 நாள் வரை உயிரோடு இருக்கும். நம் கோடை போன்ற 37 டிகிரியில் அதுவே ஆறு நாள்தான். நம் பக்கத்தில் மேலே சொன்ன இரண்டு முறையும் பிப்ரவரியில் வந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி தரை வழி. லாரி, கூண்டு, முட்டை அட்டை, வியாபாரியின் சைக்கிள், இவற்றோடு சங்கராந்திக்குச் சேவல் சண்டைக்குப் போய்த் திரும்பும் சேவல். பல ஊர்ச் சேவல்கள் இரத்தமும் எச்சிலுமாக முட்டிக்கொள்ளும் இடத்தைவிட வைரஸுக்கு வசதியான சந்திப்பு நிலையம் வேறில்லை. சண்டை சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறம் இருக்கட்டும். வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் மூன்று வாரமாவது தனிப் பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். கங்கம்மா ஜாத்திரைக்காக முன்கூட்டியே கோழி வாங்கி வைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தீனியும் தண்ணீரும் காக்கையும் கொக்கும் வந்து வாய் வைக்க முடியாத இடத்தில் இருக்கட்டும். குட்டைத் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வையுங்கள். கூட்டுக்கென்று ஒரு ஜோடிச் செருப்பைத் தனியே வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை.

கோழி ஒன்று செத்தால் உடனே பறவைக் காய்ச்சல் என்று அலற வேண்டாம். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோயும் கிட்டத்தட்ட இப்படியே கொல்லும். அதற்குத் தடுப்பூசி உண்டு, போட்டுவிட வேண்டும். கொண்டையும் தாடையும் நீலம் பாய்வது, தலை வீங்குவது, காலில் இரத்தக் கசிவு, தோலில்லாத முட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றன்பின் ஒன்றாகத் திடீர்ச் சாவு, இவை தெரிந்தால் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லியாக வேண்டும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸையும் கூப்பிடலாம். பார்வையால் எந்த மருத்துவராலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் சொல்ல முடியும். ஆகையால் பல கோழிகள் செத்திருக்கும்போது அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். சாகும் தறுவாயில் உள்ளதை அறுத்துக் குழம்பு வைப்பதும், மலிவாக விற்றுவிடுவதும் நம் ஊர்களில் நடக்காததல்ல. வறுமை அப்படிச் செய்யச் சொல்லும், எனக்கும் தெரியும். ஆனால் அறுக்கும் கைக்குத்தான் முதல் ஆபத்து.

சொன்னால் அரசாங்கம் எல்லாக் கோழியையும் கொன்றுவிடும் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரிவிப்பது வளர்ப்பவரின் கடமை. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கோழிகளை அழிப்பார்கள், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். எங்கள் இரயில்வே மொழியில் சொன்னால், முதலாவது பாதையையே அடைத்து 'பிளாக்' எடுப்பது, இரண்டாவது 'காஷன் ஆர்டர்' கொடுத்து வண்டியை மெதுவாக விடுவது. அழிக்கும் கோழிகளுக்கு மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக இழப்பீடு தருகின்றன. தானாகச் செத்தவற்றுக்குத் தருவதில்லை. மறைத்து வைத்து எல்லாம் செத்தபின் சொல்பவருக்கு மிஞ்சுவது வெறுங்கைதான்.

காக்கைக்குச் சோறு வைப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை முன்னோருக்கு வைக்கும் சோற்றை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, அவசியமும் இல்லை. 2021 ஜனவரியில் இராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் கூட்டமாகச் செத்தது உண்மை. அதனால் சோற்றை மொட்டைமாடியில், கோழிக் கூட்டுக்கும் பூனைத் தட்டுக்கும் தொலைவில் வையுங்கள். மிச்சத்தைப் பூனை தின்னாதபடி எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவிவிடுங்கள். செத்த காக்கையையோ புறாவையோ வெறுங்கையால் தொடக் கூடாது. பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, அதனாலேயே பறவையைப் பற்றி, பையை உள்புறம் வெளியாகத் திருப்பிக் கட்டிவிடலாம். ஒரே ஒரு பறவை என்றால் கிணற்றுக்குத் தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கலாம். நான்கைந்து கிடந்தால் தொடாமல் நகராட்சிக்கும் கால்நடைத் துறைக்கும் சொல்லுங்கள்.

கூண்டில் லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்கள் கூண்டை வராந்தாவில் மாட்டாமல் உள்ளே மாட்டினால் ஆபத்து ஏறக்குறைய இல்லை. பச்சைக்கிளி வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை!

பூனைக்கு நோய் வந்தால் காய்ச்சல், தீனி மறுத்தல், மூக்கிலும் கண்ணிலும் நீர், மூச்சுத் திணறல், தள்ளாட்டம், வலிப்பு என்று விரைவாக முற்றும். பக்கத்தில் கோழிகளோ காக்கைகளோ செத்திருக்கும் நேரத்தில் இப்படியானால், பூனையை மடியில் வைத்துக் கொஞ்சாமல் ஓர் அறையில் தனியே விட்டு, மருத்துவருக்கு முதலில் தொலைபேசியில் தெரிவித்துவிட்டுக் கொண்டுபோங்கள். முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் வாங்கியது எல்லார் வீட்டிலும் ஏதாவது ஒரு பெட்டியில் கிடக்கும்.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இது எளிதில் பரவுவதில்லை. ஆனால் செத்த பறவையையோ நோயுற்ற பூனையையோ தொட்ட பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் படுக்காதீர்கள். ருயாவுக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போய், "செத்த கோழியைத் தொட்டேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஓசல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது, முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பிடிக்கும். நாம் சொன்னால்தான் மருத்துவருக்கு அந்த நினைவு வரும்.