நாலடி மீன் தொட்டிக்கு ஸ்டாண்ட்: எடை, இரும்பு, தரை

கொளத்தூர்ல நாலடி மீன் தொட்டி வாங்கி, டாட்டா ஏஸ்ல தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் ஏத்திக்கிட்டு வர்றவங்க, கண்ணாடி எத்தனை மில்லின்னு கேட்டுத்தான் வாங்குறாங்க. சிலிகான் ஒட்டைத் தடவிப் பார்க்கிறாங்க. ஸ்டாண்டுன்னு வரும்போது மட்டும் 'இரும்புதானே, தாங்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். தாங்கும்தான். ஆனா தாங்குறது வேற, வளையாம ஆடாம நிக்கிறது வேற.

முதல்ல எடை. 4 அடி நீளம், 1½ அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 12 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் சுமார் 28.3 கிலோ, ஆக 340 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. இந்தத் தொட்டிக்கு 2.6 சதுர மீட்டர் தேவைப்படும், அது ஒரு 78 கிலோ. மணல், கல், மூடி எல்லாம் சேர்த்து, விளிம்பு வரை நிரப்பாததைக் கழித்துப் பார்த்தாலும் 450 கிலோன்னு வச்சுக்கலாம். மூணு பைக்கை ஹால்ல ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, அதுக்குப் பக்கத்துல குழந்தையை விளையாட விடுற மாதிரி.

யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க 2×4 மரச்சட்டத்துல ஸ்டாண்ட் செய்றாங்க. அமெரிக்காவில் வீட்டையே அந்தச் சட்டத்துலதான் கட்டுறாங்க, எங்கேயும் கிடைக்கும். நமக்கு அந்த இடத்துல இருக்கிறது தெருமுனை கிரில் பட்டறை. கரையான் பிரச்சினையும் உண்டு. அதனால எம்.எஸ். ஸ்கொயர் பைப்தான் என் சிபாரிசு.

1½ அங்குலம், 2 மி.மீ. கனம் உள்ள பைப்பின் இரும்புப் பரப்பு சுமார் 288 சதுர மி.மீ. கணக்குப்படி, அந்தக் குட்டைக் கால் ஒண்ணு நசுங்க ஆரம்பிக்கவே 6 டன் வேணும். நாலு காலுக்கு 450 கிலோ ஒண்ணுமே இல்லை. இந்த நம்பிக்கையிலதான் பட்டறையில 'நாலு கால் போதும் சார்' என்பார்கள்.

சிக்கல் காலில் இல்லை, மேல் சட்டத்தில். நீளவாக்கில் போகும் ஒவ்வொரு சட்டமும் சுமார் 225 கிலோவை 4 அடி தூரத்துக்குச் சுமக்கிறது. நடுவில் கால் இல்லாவிட்டால் நடுப்பகுதி கிட்டத்தட்ட 4 மி.மீ. வரை தொய்யும். வெல்டிங் பிடிப்பால் கொஞ்சம் குறையலாம். இரும்புக்கு 4 மி.மீ. ஒரு பொருட்டில்லை, திரும்ப நிமிர்ந்துவிடும். கண்ணாடிக்கு அப்படி வளையத் தெரியாது. ஒட்டு பிரியும், இல்லாட்டி அடிக்கண்ணாடி விரியும்.

பைப்பை 2 அங்குலமாக மாற்றினால் தொய்வு 1.7 மி.மீ. பக்கம் வரும். அதே 1½ அங்குல பைப்பில் நடுவில் முன்னும் பின்னும் ஒவ்வொரு கால் வைத்தால் 0.25 மி.மீ.தான்! தொய்வு நீளத்தோட நாலாவது மடங்குல ஏறும். நீளத்தைப் பாதியாக்கினா பதினாறில் ஒரு பங்காகிடும். கூடுதல் இரும்புக்குக் கொடுக்கிற காசை ரெண்டு காலுக்குக் கொடுங்க. கதவு நடுவில் மறைக்கும்னு வீட்டுல சொல்வாங்க. மறைக்கட்டும்.

அடுத்தது பக்கவாட்டு ஆட்டம். தீப்பெட்டியோட வெளிக்கூட்டை மேலிருந்து அமுக்கினா நிக்கும், பக்கத்துல தள்ளினா தட்டையாகிடும். செவ்வகத்தோட குணம் அது. முக்கோணம் அப்படி மடங்காது. பின்பக்கமும் இரண்டு ஓரமும் ஒவ்வொரு குறுக்குச்சாய்வுச் சட்டம் வைக்கணும். முன்பக்கம் ஃபில்டர் வைக்கத் திறந்திருக்கணும் என்பதால் மூலைகளில் முக்கோணத் தகடு வெல்டு பண்ணினா போதும்.

பட்டறையில நின்னு பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வெல்டு குளிரும்போது சுருங்கி சட்டத்தை இழுக்கும். ஒரு மூலையை முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனா ஃபிரேம் முறுக்கிக்கும். எல்லா மூலையிலும் முதல்ல டேக் மட்டும் அடிக்கச் சொல்லுங்க, பிறகு டேப்பை எடுத்து ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. 48-க்கு 18 ஃபிரேமில் இரண்டும் 51¼ அங்குலம் வரணும். அதுக்கப்புறம் எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி முழு வெல்டு. பைப் முனைகளைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள், உள்ளேயிருந்து வரும் துரு கண்ணுக்குத் தெரியாது. ரெட் ஆக்சைடு, மேலே எனாமல்.

ஃபிரேமுக்கு மேல ஐ.எஸ். 710 முத்திரை போட்ட 18 மி.மீ. மரைன் பிளை, அதுக்கு மேல ஒரு தெர்மகோல் ஷீட். தெர்மகோல் எடையைத் தாங்குறதுக்காக இல்லை. சிறு மேடுபள்ளத்தை உள்வாங்குறதுக்கு. முறுக்கிய ஃபிரேமை அது சரி பண்ணாது. அடிக்கண்ணாடி பிளாஸ்டிக் ஃபிரேமுக்குள் தூக்கலாக நிற்கும் வெளிநாட்டு மாடல் தொட்டிக்குத் தெர்மகோல் வைக்கக் கூடாது.

இனி தரை. வீட்டுத் தளத்தை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கச் சொல்கிறது ஐ.எஸ். 875. தொட்டி நிற்கும் இடத்தில் 800 கிலோ. பயப்பட வேண்டாம், அந்த 200 அறை முழுக்கப் பரவிய சுமைக்கு, தளமும் சுமையைப் பக்கத்துக்குப் பகிர்ந்துகொள்ளும். ஆனா மாடி வீடுன்னா தாங்குசுவர் அல்லது பீமை ஒட்டித்தான் வைக்கணும். ஹாலுக்கு நடுவில் வேண்டாம், பால்கனியில் வேண்டவே வேண்டாம். பழைய கட்டடம்னா ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்க.

தரைத்தளத்துல கவலை வேற. மண் கொட்டி மேடாக்கின மனைகளில் தரை மெல்ல இறங்கும், டைல்ஸ் அடியில் வெற்றிடம் இருக்கும். நாணயத்தால தட்டிப் பாருங்க, 'டொக் டொக்'ன்னு கேட்டா அந்த இடம் ஆகாது. காலுக்கு அடியில் 4 அங்குலச் சதுரத் தகடு வைத்தால் சுமை பரவும். 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கினதை நினைச்சு, பிளக் பாயின்ட்டை ஸ்டாண்டுக்கு உள்ளே தாழ்வாக வைக்காமல் சுவரில் உயரத்தில் வைப்பது நல்லது.

கடைசியா நிரப்புறது. காலி ஸ்டாண்டை ரசமட்டத்தில் பார்த்து, தேவையான காலுக்கு அடியில் மெல்லிய தகடு செருகிக்கோங்க. தண்ணீர் ஊத்தின பிறகு இதைச் செய்ய முடியாது. முதல்ல கால் பாகம் ஊத்தி, நாலு மூலையிலும் தண்ணி விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிக்குதுன்னு ஸ்கேல் வச்சு அளந்து எழுதுங்க. அரை, முக்கால்ன்னு ஒவ்வொரு கட்டத்துக்கும் அளக்கணும். மூலைக்கு மூலை வித்தியாசம் அப்படியே இருந்தா சரி. கூடிக்கிட்டே போனா தரை இறங்குதுன்னு அர்த்தம், தண்ணியை எடுத்துடுங்க. முழுசா நிரப்பி ஒரு நாள் விட்டு மறுபடி அளந்துட்டு, அப்புறம் மணலும் மீனும்.