தொடக்கி மின்னோடிக் கோளாறு (வோக்ஸ்வாகன் டைப் 2)

தொடக்கி மின்னோடிக் கோளாறு என்பது, சாவியைத் திருப்பிய பின்னும் வண்டியின் எஞ்சின் சுழலாமல் நிற்கும் நிலையைக் குறிக்கும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இம்மின்னோடி செல்ஃப் மோட்டார் என அழைக்கப்படுகிறது. பழைய வண்டிகளில் குறை மின்னோடியில் இல்லாமல், அதற்கு மின்னோட்டம் வந்துசேரும் வழியில் இருப்பதும் உண்டு. இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு வோக்ஸ்வாகன் டைப் 2 வேன் ஆகும். இதன் முதல் இரு தலைமுறைகள் ஜெர்மனியில் 1950 முதல் 1979 வரை உற்பத்தி செய்யப்பட்டன. இரண்டாம் தலைமுறையின் உற்பத்தி பிரேசிலில் 2013 வரை தொடர்ந்தது.

அமைப்பு

எஞ்சின் தன் முதற் சுழற்சியைத் தானே தொடங்க இயலாது. அதைச் சுழற்றிவிடுவதே தொடக்கி மின்னோடியின் பணி. மின்னோடியின் மேல் சொலினாய்டு என்னும் மின்காந்தச் சுருள் பொருத்தப்பட்டுள்ளது. பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பி இதன் 30 என்ற முனையிலும், சாவி சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய கம்பி 50 என்ற முனையிலும் இணைகின்றன. சாவியைத் திருப்பும்போது சொலினாய்டு இரு வேலைகளைச் செய்கிறது. சிறு பற்சக்கரத்தை ஃபிளைவீலின் பற்களோடு சேர்க்கிறது. பின்னர் பேட்டரியின் முழு மின்னோட்டத்தையும் மின்னோடிக்குள் விடுகிறது.

சூடான எஞ்சினில் தோன்றும் கோளாறு

டைப் 2 வேனில் எஞ்சினும் பேட்டரியும் பின்புறத்தில் உள்ளன; சாவி சுவிட்ச் முன்புறத்தில் உள்ளது. ஆகவே சொலினாய்டை இயக்கும் மின்னோட்டம் 4 மீட்டருக்கும் மேல் நீளமான வண்டியின் முன்பகுதிக்குச் சென்று, மீண்டும் பின்பகுதிக்குத் திரும்ப வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கம்பி இணைப்புகளில் களிம்பு ஏறுகிறது; சுவிட்சின் தொடுமுனைகள் தேய்ந்து கருகுகின்றன. இதனால் மின்னழுத்தத்தின் ஒரு பகுதி வழியிலேயே இழக்கப்படுகிறது.

தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். சொலினாய்டு 50 பாகை சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 20 விழுக்காடு உயரும், இழுவிசை குறையும். காலையில் எளிதாகக் கிளம்பும் வேன், நெடும்பயணத்தின் இடையே நிறுத்தப்பட்டபின் கிளம்ப மறுப்பதும், ஆறியபின் மீண்டும் இயங்குவதும் இதனாலேயே.

அறிகுறிகள்

* ஒலியே இல்லை: சாவி சுவிட்ச், 50 முனைக் கம்பி அல்லது பேட்டரி இணைப்பில் குறை இருக்கலாம்.
* விட்டுவிட்டு விரைவான தட்டொலி: பேட்டரியில் மின்னேற்றம் குறைவு அல்லது முதன்மை இணைப்பு தளர்ந்துள்ளது.
* ஒரே ஒரு தட்டொலி: சொலினாய்டின் உள் தொடுமுனை கருகியிருக்கலாம் அல்லது மின்னோடி சிக்கியிருக்கலாம்.
* மந்தமான சுழற்சி: பேட்டரி, தடித்த கம்பிகள் அல்லது தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கலாம்.

சோதனை

இந்த வேன்கள் 1960களின் பிற்பகுதியில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. கீழுள்ள அளவுகள் 12 வோல்ட் வண்டிகளுக்கு உரியவை.

முழுதும் மின்னேற்றப்பட்ட பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சுழற்றும்போது இது 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் முதலில் பேட்டரியையே கவனிக்க வேண்டும். சிறிய மின்தடையும் இங்கு பெரிய இழப்பாகும். 150 ஆம்பியர் பாயும் இணைப்பில் 0.01 ஓம் மின்தடை இருந்தால், ஓமின் விதிப்படி 1.5 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

கியர் பெட்டி ரப்பர் தாங்கிகளின் மீது அமைந்திருப்பதால், அதனை வண்டியின் உடலோடு இணைக்கும் பின்னற் பட்டை வழியாகவே மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்புகிறது. இப்பட்டை அறுந்தோ துருப்பிடித்தோ இருந்தால் புதிய மின்னோடியும் பயன் தராது.

சீர்செய்தல்

முதலில் எல்லா இணைப்புகளையும் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும். 50 முனையில் மின்னழுத்தம் இன்னும் குறைவாக இருப்பின், மின்னோடிக்கு அருகில் ஒரு ரிலே பொருத்தப்படுகிறது. பழைய கம்பி ரிலேயை மட்டும் இயக்க, சொலினாய்டுக்கு வேண்டிய மின்னோட்டம் 30 முனையிலிருந்து நேராகக் கிடைக்கிறது.

பெரும்பாலான டைப் 2 வேன்களில் மின்னோடித் தண்டின் முனையைத் தாங்கும் வெண்கலப் புஷ், மின்னோடியில் அல்லாமல் கியர் பெட்டியின் கூட்டில் உள்ளது. மின்னோடியை மாற்றும்போது இதனையும் மாற்றாவிடில், தண்டு சாய்ந்து பழைய குறையே திரும்பத் தோன்றும்.

எச்சரிக்கை

வண்டிக்கு அடியில் படுத்து, திருப்புளியால் 30, 50 முனைகளை இணைத்து எஞ்சினைச் சுழற்றும் வழக்கம் உயிருக்கு ஆபத்தானது. வண்டி கியரில் இருந்தால் மின்னோடியின் விசையே அதனை நகர்த்தி, அடியில் இருப்பவர் மீது ஏற்றிவிடும். 30 முனைக்குச் செல்லும் தடித்த கம்பியில் ஃபியூஸ் கிடையாது. ஆதலால் மின்னோடியைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனை இணைப்பை நீக்குதல் வேண்டும்.

வழியில் நின்றுவிட்ட வேனை, சாவியைத் திருப்பி வைத்து, இரண்டாம் கியரில் கிளட்சை அழுத்தியபடி தள்ளச் செய்து, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டு இயக்கலாம். பேட்டரி முற்றிலும் தீர்ந்திருந்தால் தீப்பொறிக்குப் போதிய மின்சாரம் கிடைக்காது. அப்போது இம்முறை பயன்படாது.