"முன்னணைன்னா என்னா மாமா?"

போன டிசம்பரில் நைனார்பாளையம் வீட்டில் குடில் கட்டிக்கொண்டிருந்தோம். மக்காச்சோளத் தட்டையில் கூரை, பழைய சாக்கில் மலை. பக்கத்தில் உட்கார்ந்து பைபிளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்த அக்கா பொண்ணு, ஏழு வயசு, நிமிர்ந்து கேட்டாள்: "முன்னணைன்னா என்னா மாமா?"

நாற்பது வருஷமா காதில் விழுந்த வார்த்தை. ஆனா பதில் வரல. அகராதியைப் பார்த்துத்தான் சொன்னேன்: மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டி.

"நம்ம கொட்டாய்ல இருக்கே, அதா? அதுலயா பாப்பாவப் போட்டாங்க? மாடு நக்கிடுமே!"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று ராத்திரிதான் லூக்கா இரண்டாம் அதிகாரத்தைச் சொல் சொல்லாகப் படித்தேன். கண்டதைக் குறித்து வைக்கிறேன்.

முதல் விஷயம், அதில் மாட்டுக் கொட்டகையே இல்லை. மாடும் கழுதையும்கூட இல்லை. தொட்டி மட்டும்தான் இருக்கிறது. ஏசாயா முதல் அதிகாரத்தில் வரும் மாட்டையும் கழுதையையும் பிற்காலத்தில்தான் இங்கே கொண்டுவந்து கட்டினார்கள். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்துமஸ் கொண்டாடினார். குடில் வைக்கும் வழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது, 'சத்திரத்தில் இடமில்லை' என்று நாம் சொல்வது. கிரேக்க மூலத்தில் அங்கே உள்ள சொல் 'கட்டாலுமா'. கடைசி இராவுணவு நடந்த அறைக்கும் லூக்கா இதே சொல்லைத்தான் போடுகிறார். காசு கொடுத்துத் தங்கும் சத்திரத்துக்கு அவரிடம் வேறு சொல் இருக்கிறது. நல்ல சமாரியன் கதையில் அது வருகிறது. அதனால் இது ஒரு வீட்டின் விருந்தாளி அறையாக இருக்கலாம் என்று கென்னத் பெய்லி போன்ற அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் ராத்திரி ஆடுமாட்டை உள்ளேயே கட்டுவார்கள். ஆட்கள் படுக்கிற இடத்தை ஒட்டியே தொட்டி இருக்கும். விருந்தாளி அறை நிரம்பிவிட்டதால், வீட்டுக்காரர்கள் தாங்கள் புழங்குகிற இடத்தையே பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தார்கள் என்பது அவர் வாதம். எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு நியாயமாகப் படுகிறது.

மூன்றாவது, மேய்ப்பர்களுக்குச் சொன்ன அடையாளம் நட்சத்திரம் இல்லை. அது மத்தேயுவில், சாஸ்திரிகளுக்கு வருவது. இவர்களுக்குத் தொட்டிதான் அடையாளம். அரண்மனை என்றால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். தொட்டி இருக்கிற இடத்துக்கு ஆடு மேய்க்கிறவர்கள் கூச்சமில்லாமல் போகலாம்.

மறுநாள் இதையெல்லாம் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். மேய்ப்பன் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப இவங்கள வீட்டுக்குள்ள விட்டாங்களா?"

"ஆமா."

"அப்பறம் நாம மட்டும் ஏன் பாட்டிய உள்ள விடறதில்ல?"

எங்க மாட்டுக்குச் சாணி அள்ள வருகிறவரைச் சொல்கிறாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வருகிறார். கொட்டாய் வரைக்கும்தான். காபியும் அங்கேயே, தனி டம்ளரில். அவரை நானே பேர் சொல்லித்தான் கூப்பிட்டு வளர்ந்தேன். அவரும் கிறிஸ்தவர்தான்.

எங்க வீட்டு வழக்கம் என்று மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றுமடல் அனுப்பினார். அதை ஏற்க மாட்டோம் என்று பலர் சபையை விட்டே போனார்கள். இப்போது எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் செத்துப்போனார்கள். மோதிக்கொண்ட இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள். இரண்டு பக்கமும் டிசம்பரில் அந்தத் தொட்டியைக் கும்பிடுகிறவர்கள்.

கிறிஸ்துமஸ் காலையில் அவர் வந்தபோது, "குடில் பாக்க வாங்க பாட்டி" என்று இவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நிலைப்படிகிட்ட நின்று எங்க அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாங்க. "உள்ள வாங்கம்மா" என்றேன். அந்த 'வாங்க'வை அவரிடம் அன்றுதான் முதல்முறை சொல்கிறேன்.

வந்தார். குனிந்து பார்த்தார். "தொட்டி ரொம்பச் சின்னதா இருக்கே, மாடு ஒரு முட்டு முட்டுனா சாஞ்சிடும்" என்றார்.

அக்கா எல்லோருக்கும் கொடுக்கிற டம்ளரிலேயே காபி கொண்டுவந்தாள். அவர் வாங்கிக்கொண்டு, பழக்கம் விடாமல் கொட்டாய்க்கே போய் உட்கார்ந்தார். இவளும் தன் பாலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். நான் நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.